குடல் எரியும்போது ஒரு சாப்பாடு, ஆறிய பின்னர் வேறு சாப்பாடு

நலவாழ்வுப் பக்கம்



இரத்தச்சோகை பற்றி இப்பக்கத்தில் எழுதியதன் பின்னர் வந்த கடிதங்களுள் ஒன்று எம்மைச் சற்று நேரம் யோசிக்க வைத்தது. எழுதியவர் முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்த, இரண்டு பிள்ளைகளைத் தனித்து வளர்க்கும் ஒரு தாய். மூன்று வருடங்களுக்கு முன்னர் அவருக்கு மலத்துடன் இரத்தமும் சளியும் போகத் தொடங்கின. மூலவியாதி என்று எண்ணி, பல மாதங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பின்னர் வைத்தியசாலையில் குழாய் விட்டுப் பார்த்துப் 'பெருங்குடல் அழற்சி' என்று கூறிக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். ஊரில் பெரியவர்கள் சொன்னபடி பத்தியமும் தொடங்கினார். "இரண்டு வருடமாகக் குழைந்த வெள்ளைச் சோறும் பருப்புத் தண்ணீரும், தேத்தண்ணியும் பிஸ்கற்றும்தான் என்னுடைய சாப்பாடு. மரக்கறி, பழம், மீன் ஒன்றும் தொடுவதில்லை. இரத்தம் நின்று ஆறு மாதமாகிறது. ஆனால் எழும்பி நடக்கப் பெலன் இல்லை. குளிசையை நிறுத்திவிட்டுப் பத்தியத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

குளிசையை நிறுத்தக் கூடாது. மாற்ற வேண்டியது பத்தியத்தைத்தான். அவருக்கு எமது பதில் இதுவே. இதே நோயுடனும் இதே பத்தியத்துடனும் இன்னும் பலர் இருக்கக்கூடும் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகின்றோம்.

நாட்பட்ட குடல் அழற்சி நோய்கள் பிரதானமாக இரண்டு. ஒன்று, பெருங்குடலின் உட்புறத் தோலை மாத்திரம் தாக்குவது. மலவாசலுக்கு மேலே தொடங்கி மேல்நோக்கிப் பரவும். இரத்தமும் சளியும் கலந்த மலம், அடிக்கடி அவசரமாகப் போக வேண்டிய உணர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். கடிதம் எழுதிய சகோதரிக்கு இருப்பது இதுதான். மற்றையது குறோன் நோய். 1932 இல் நியூயோர்க் நகரில் குறோன் என்ற வைத்தியரும் அவருடன் வேலை செய்த இருவரும் இதனை விபரித்து எழுதினார்கள். இது வாயிலிருந்து மலவாசல் வரை எங்கும் வரலாம், குடற்சுவரின் முழுத் தடிப்பையும் தாக்கலாம். வலி, மெலிவு, காய்ச்சல், மலவாசலருகே சீழ்ப்புண் என்பவற்றுடன் வரும். சிலருக்குக் குடல் ஓரிடத்தில் சுருங்கி ஒடுங்கியும் விடும். இரண்டு நோய்களும் சில காலம் எரியும், சில காலம் அடங்கியிருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்திருங்கள். சாப்பாட்டு விடயத்தில் எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது.

வயிற்றுளைவு, அமீபா, குடலில் வரும் காசநோய், மூலவியாதி, புற்றுநோய் எல்லாம் இதே அடையாளங்களுடன் வரலாம். முக்கியமாகக் குடற் காசநோயையும் குறோன் நோயையும் பிரித்தறிவது தேர்ந்த வைத்தியர்களுக்கே சிரமமான காரியம். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றையதை மோசமாக்கவும் கூடும். ஆகவே பரிசோதனை செய்யாமல் "இது குடற்சூடு" என்று தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை, அது அயலில் உள்ள ஆச்சியாக இருந்தாலும் சரி, மருந்துக்கடைக்காரராக இருந்தாலும் சரி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போரைக் கண்டு வந்த எங்களில் பலருக்கு, பயமும் யோசனையும் கூடும்போது வயிறு பிசையும், வயிற்றால் போகும், அல்லது நாட்கணக்கில் மலம் கட்டும். இது உண்மையான உபாதையே. நடிப்பும் இல்லை, கற்பனையும் இல்லை. ஆனால் மனக்கவலையால் வரும் வயிற்றுக் குழப்பத்தில் இரத்தம் போகாது. நித்திரையில் இருந்து எழுப்பி மலங்கழிக்க வைக்காது. காய்ச்சல் வராது, ஆறு மாதத்தில் பத்துக் கிலோ குறையாது. இவற்றுள் ஏதும் உங்களுக்கு இருந்து, "யோசிக்காதையுங்கோ அம்மா, எல்லாம் சரிவரும்" என்று மட்டும் சொல்லி யாரேனும் திருப்பி அனுப்பினால், திரும்பவும் போங்கள். "மலத்தில் இரத்தம் போகிறது, இத்தனை கிழமையாக, ஒரு நாளைக்கு இத்தனை தடவை" என்று கணக்காகச் சொல்லுங்கள். ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள், அல்லது உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லுங்கள்.

குடலுக்குள் ஒரு குடியிருப்பு

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். எமது உடலில், பெரும்பாலும் பெருங்குடலில், ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்வதாக 2016 இல் கணக்கிட்டார்கள். உடலின் சொந்தக் கலங்களும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பற்றீரியா என்றாலே நோய்க்கிருமி என்று பாடசாலையில் படித்திருப்போம். இவற்றில் பெரும்பாலானவை அப்படியல்ல, எம்முடன் கூடிப் பிழைப்பவை.

நாங்கள் சாப்பிடும் சீனியும் கொழுப்பும் புரதமும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சமிபாடு அடையாமல் பெருங்குடல் வரை போய்ச் சேருவது நார்ப்பொருளும், ஒரு பகுதி மாப்பொருளும். கீரை, மரக்கறி, பயறு வகை, தவிடு நீக்காத அரிசி, பழம் என்பவற்றில் உள்ளவை இவை. அங்குள்ள பற்றீரியாக்களுக்கு அதுவே உணவு. அவை அதனைப் புளிக்க வைத்து, பியூற்றிரேற்று என்ற கொழுப்பமிலத்தைச் செய்து தருகின்றன. பெருங்குடலின் உட்தோலில் உள்ள கலங்கள் தமக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியைக் குருதியில் இருந்து பெறுவதில்லை, இந்தப் பியூற்றிரேற்றில் இருந்துதான் பெறுகின்றன. அதே பொருள் அழற்சியையும் அடக்கி வைக்கிறது. இதனைச் செய்யும் பற்றீரியாக்களுள் முக்கியமான ஒரு இனம் குறோன் நோயாளரின் குடலில் குறைந்து போயிருப்பதைப் பிரான்சில் உள்ள ஆய்வாளர்கள் 2008 இல் எடுத்துக் காட்டினார்கள்.

நாங்கள் நார்ப்பொருளைச் சாப்பிடாது விட்டால் இந்தக் குடியிருப்பாளர் என்ன செய்வர்? குடலின் உட்புறத்தில் வழுவழுப்பான சளிப்படை ஒன்று உண்டு. பற்றீரியாக்கள் குடற்றோலைத் தொடாதபடி இடையில் நிற்கும் வேலி அது. 2016 இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வில், நார்ப்பொருள் கிடைக்காத பற்றீரியாக்கள் அந்தச் சளிப்படையையே தின்னத் தொடங்கின. வேலி மெலிந்தது. நோய்க்கிருமி ஒன்றை உள்ளே விட்டபோது அந்த எலிகளுக்குக் கடும் அழற்சி ஏற்பட்டது. வீட்டில் அரிசி முடிந்தால் கூரைத் தடியைப் பிடுங்கி அடுப்பில் வைப்பதைப் போன்றது இது.

எலிகளை விடுங்கள், மனிதரில் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்கள் 20 பேரும், தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குச் சாப்பாட்டை மாற்றிக் கொண்ட ஒரு பரிசோதனை 2015 இல் வெளியானது. அமெரிக்கர்கள் கிராமத்துச் சோளம், பயறு, காய்கறிகளைச் சாப்பிட்டார்கள். கிராமத்தவர் இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த அமெரிக்கச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரம்! அமெரிக்கர்களின் குடலில் பியூற்றிரேற்று இரண்டு மடங்குக்கு மேல் கூடியது, அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. கிராமத்தவருக்கு நேர்மாறாக நடந்தது. இவர்கள் நோயாளர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சாப்பாடு மாறினால் குடலும் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அமெரிக்கத் தாதியர்களில் நீண்டகாலமாக நடந்த ஓர் ஆய்வும் உண்டு. 170,776 பெண்களை 26 வருடங்கள் வரை தொடர்ந்து பார்த்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 24 கிராம் நார்ப்பொருள் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களை விடக் குறோன் நோய் வருவது 40 வீதம் குறைவாக இருந்தது. பழங்களின் நார் கூடிய பயன் தந்தது. பெருங்குடல் அழற்சியில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. எனவே கீரை சாப்பிட்டால் நோயே வராது என்று எவரும் சொல்ல முடியாது.

எமது நாட்டில் இந்நோய்கள் இன்னும் அரிதானவையே. 2010 இல் வெளியான ஓர் ஆய்வின்படி கொழும்பு, கம்பகா மாவட்டங்களில் 100,000 பேருக்கு 5.3 பேரிடம் பெருங்குடல் அழற்சியும் 1.2 பேரிடம் குறோன் நோயும் காணப்பட்டன. மேல்நாடுகளில் இதனைவிடப் பல மடங்கு. ஆனால் எங்கள் இரத்தத்தில் ஏதோ பாதுகாப்பு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2015 இல் வெளியான ஆய்வொன்று, தென்னாசியாவில் இருந்து அங்கே குடியேறியவர்களுக்கு இந்நோய் குறைவு, அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கோ மற்றைய கனடாப் பிள்ளைகளைப் போலவே வருகிறது என்று காட்டியது. ரொறன்ரோவில் சொந்தக்காரர் உள்ள சகோதரிகள் இதனைக் கேள்விப்பட்டும் இருப்பீர்கள். ஒரே குடும்பம், ஒரே இரத்தம். மாறியது வாழும் இடமும் சாப்பாடும் சூழலுமே.

பக்கற்றில் வருபவை

2009 இல் முகாம்களில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். உயிரைக் காத்தது அதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் முற்றத்து முருங்கையும் வேலியோரப் பசளியும் இல்லாமற் போன அந்த மாதங்களில் பழகிய நாக்கு, ஊர் திரும்பிய பின்னரும் பலருக்கு மாறவில்லை. நேரமில்லை, தனியாள், பிள்ளைகளுக்கு விருப்பம் என்று நூடில்ஸ், பணிஸ், பிஸ்கற், சொசேஜ், சூப் கட்டி என்பன அடுப்படிக்கு வந்துவிட்டன.

21 நாடுகளில் 116,087 பேரை வைத்துச் செய்து 2021 இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்சாலையில் அதிகம் பதப்படுத்திய உணவுகளை நாளொன்றுக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் சாப்பிட்டவர்களுக்குக் குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பு, ஒரு தடவைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களை விட 1.82 மடங்காக இருந்தது. இதில் குற்றவாளி யார் என்பது முற்றாகத் தீரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் கூட்டுப் பொருட்கள் மீது சந்தேகம் இருக்கிறது. காபொக்சிமெதில் செலுலோசு, பொலிசோபேற்று 80 என்ற இரண்டை எலிகளுக்குக் கொடுத்தபோது சளிப்படை மெலிந்து பற்றீரியாக்கள் குடற்றோலை நெருங்கியதாக 2015 இல் கண்டார்கள். ஆரோக்கியமான 16 பேர் பங்குபற்றிய பின்னைய பரிசோதனையில், இவற்றுள் முதலாவதைச் சாப்பிட்டவர்களின் குடலில் பற்றீரியாக்களின் வகைகள் குறைந்தன. பக்கற்றின் பின்புறத்தில் 466, 433 என்ற எண்கள் இருந்தால் அவை இவையே. நோயுள்ளவர்கள் அத்தகைய பக்கற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. மற்றவர்கள் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஒரு பிஸ்கற் குடலைக் கெடுக்காது. பிஸ்கற்றே சாப்பாடாக மாறுவதுதான் கெடுக்கும். எங்கள் கடிதச் சகோதரி மரக்கறியைப் பயந்து ஒதுக்கிவிட்டுப் பிஸ்கற்றைப் பத்தியம் என்று வைத்துக் கொண்டிருக்கிறார் அல்லவா? இது அவருடைய தவறல்ல. "வயிற்றுக்குப் பாரமில்லாதது" என்று எல்லா வீட்டிலும் பிஸ்கற்றைத்தானே நீட்டுகிறோம்.

எரியும் காலமும் ஆறிய காலமும்

நோய் எரிந்து கொண்டிருக்கும் காலத்தில், அதாவது இரத்தம், வயிற்றோட்டம், வலி உள்ள நாட்களில், புண்ணான குடலில் முரட்டு நார் உராய்ந்து வலியைக் கூட்டும். அப்போது மென்மையான சாப்பாடு சரியே. குழைந்த சோறு, கஞ்சி, இடியப்பம், அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், தோல் சீவி நன்றாக அவித்து மசித்த பூசணி, கரட், உருளைக்கிழங்கு, கனிந்த வாழைப்பழம். தேங்காய்ப்பால் விட்டால் தண்ணிப்பால், கட்டிப்பால் வேண்டாம். பச்சைச் சம்பல், தோலுள்ள கடலை, கௌபி, வறை, பொரியல் எல்லாம் ஒதுங்கி நிற்கட்டும். சிலருக்கு அந்நாட்களில் பசுப்பால் ஒத்துக் கொள்ளாமல் வயிறு ஊதும். அது குறைந்தபின் தயிரில் தொடங்கிப் பார்க்கலாம். வயிற்றோட்டம் கடுமையானால் ஜீவனி கரைத்துக் குடியுங்கள், வெறும் தண்ணீர் போதாது. குறைவாக, ஆனால் ஐந்தாறு தடவை சாப்பிடுங்கள். பட்டினி கிடப்பது சிகிச்சை அல்ல. எரியும் காலத்தில்தான் உடலுக்குப் புரதம் கூடுதலாகத் தேவை.

இரத்தம் நின்று, மலம் இறுகி, வைத்தியரும் அடங்கிவிட்டது என்று சொன்ன பின்னர் இந்தச் சாப்பாட்டைத் தொடரக் கூடாது. பத்தியத்தில் வருகின்ற பிழை இந்த இடத்தில்தான். "நின்றது பத்தியத்தால்தான், விட்டால் திரும்ப வரும்" என்ற பயத்தில் வருடக்கணக்காக அதிலேயே நின்றுவிடுகிறோம். அடங்கிய காலத்தில் பற்றீரியாக்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அமெரிக்காவில் நோய் அடங்கியிருந்த குறோன் நோயாளரைப் பற்றி 2016 இல் வெளியான ஆய்வில், நார் உணவைத் தவிர்க்காதவர்களுக்கு அடுத்த ஆறு மாதங்களில் நோய் திரும்பவும் எரிவது சுமார் 40 வீதம் குறைவாக இருந்தது.

ஒரேயடியாகப் பாய வேண்டாம். முதற் கிழமை, மசித்த பூசணியுடன் ஒரு கரண்டி பயற்றங்கறி. பின்னர் நன்கு அவித்த பசளி அல்லது முளைக்கீரைக் கடையல். பப்பாசிப்பழம். பிறகு வெள்ளை அரிசியுடன் பாதிக்குப் பாதி சிவப்பு நாட்டரிசி. குரக்கன் கூழ். மூன்று நாட்களுக்கு ஒரு புதுப் பொருளாகச் சேர்த்தால் எது ஒத்துக் கொள்ளவில்லை என்று பிடிபடும். காற்றுப் பிரிவதும் வயிறு இரைவதும் முதலில் கூடும். அது பற்றீரியாக்கள் வேலை தொடங்கியதன் சத்தம்தான், நோய் அல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு. குறோன் நோயினால் குடல் ஒடுங்கியிருக்கிறது என்று வைத்தியர் சொல்லியிருந்தால், நார் நாராக உள்ளவற்றை அடங்கிய காலத்திலும் தொடக் கூடாது. பனங்கிழங்கு, ஒடியல், முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, தோடம்பழச் சக்கை, சோளம். இவை ஒடுங்கிய இடத்தில் அடைத்து வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, சத்திரசிகிச்சை வரை கொண்டுபோய் விடலாம். வடபகுதியில் தை மாசி மாதங்களில் பனங்கிழங்கு மலிவாக வரும். ஆசை விடாது, ஆனால் கவனம்.

மிளகாய் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. மிளகாய்த் தூள் இந்த நோயை உண்டாக்குவதாக நிரூபணம் இல்லை. எரியும் காலத்தில் எரிச்சலைக் கூட்டும், அவ்வளவுதான். கோதுமைக்கு ஒவ்வாமையுள்ள சீலியக் நோய் என்பது வேறொரு நோய், அதற்கு வேறு பரிசோதனை இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை என்றால் பாணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அளவோடு சாப்பிடலாம்.

உணவு மட்டுமே மருந்தாக வேலை செய்யும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு, அதனை மறைக்க விரும்பவில்லை. குறோன் நோயுள்ள சிறுவர்களுக்கு ஆறு தொடக்கம் எட்டு வாரங்கள் வேறெதுவும் கொடாமல் சத்துத் திரவத்தை மட்டும் கொடுத்தால், பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு நோய் அடங்குகிறது. இஸ்ரேலிலும் கனடாவிலும் செய்து 2019 இல் வெளியிட்ட பரிசோதனையில், பாதிச் சத்துத் திரவத்துடன் கோழி, முட்டை, சோறு, அவித்து ஆறவிட்ட உருளைக்கிழங்கு, வாழைப்பழம் முதலியவற்றைக் கொடுத்துப் பதப்படுத்திய உணவு, பால், கோதுமை ஆகியவற்றை நீக்கினார்கள். 12 வாரங்களின் பின்னர் அப்படிச் சாப்பிட்ட சிறுவர்களில் 75.6 வீதமானோருக்கு ஸ்ரெரொயிட் மருந்தின்றி நோய் அடங்கியிருந்தது. முதல் ஆறு வாரம் திரவத்தை மட்டும் குடித்துவிட்டுப் பின்னர் வழமைச் சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களில் 45.1 வீதம். ஆனால் இது குறோன் நோய்க்கு மாத்திரம், வைத்தியரும் போசணை நிபுணரும் கிழமைதோறும் நிறை பார்க்க நடப்பது. பெருங்குடல் அழற்சியில் சத்துத் திரவம் இவ்வாறு வேலை செய்வதில்லை. எங்கள் சகோதரியின் நோய் அதுவாகையால், குளிசையை விட்டுவிட்டுச் சாப்பாட்டை நம்புவதற்கு அவருக்கு வழியில்லை.

அவர் போடும் குளிசை சல்பசலசினாக இருக்கலாம். மஞ்சள் நிறமானது, சிறுநீரையும் மஞ்சளாக்கும். அதனை ஆக்கியவர் ஒரு பெண். சுவீடன் நாட்டு வைத்தியர் நன்னா ஸ்வார்ற்ஸ், 1937 இல் அந்நாட்டு அரச பல்கலைக்கழகமொன்றில் பேராசிரியரான முதற் பெண்மணி. மூட்டுவாதத்துக்கென்று செய்த மருந்து பெருங்குடல் அழற்சிக்கும் கேட்பதைக் கண்டு 1942 இல் எழுதினார். இதில் ஒரு புதுமை இருக்கிறது. இக்குளிசை இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கட்டியது. அந்தக் கட்டை அவிழ்ப்பது வயிறும் அல்ல, ஈரலும் அல்ல. பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்களே அதனை வெட்டி மருந்தை வெளியே விடுகின்றன. குடியிருப்பாளரின் உதவியின்றி இந்த மருந்தே வேலை செய்யாது! நோய் அடங்கிய பின்னரும் அடக்கி வைப்பதற்காகவே இதனைத் தொடர்ந்து தருகிறார்கள். இது போலிக் அமிலம் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால் போலிக் அமிலக் குளிசையும் சேர்த்துத் தருவது வழக்கம். கர்ப்பம் தரிக்க எண்ணும் இளம் சகோதரிகள் தாமாக மருந்தை நிறுத்தாமல் கிளினிக்கில் முதலே சொல்ல வேண்டும். எரியும் நோயோடு கருத்தரிப்பதுதான் தாய்க்கும் சேய்க்கும் கூடிய ஆபத்து.

செல் துண்டு உடலில் இருப்பவர்கள், காலிழந்தவர்கள், முதுகுநோவுள்ளவர்கள் எங்களில் பலர். நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபினாக், ஐபுபுரோபன் போன்ற குளிசைகள் அடங்கிய குடல் அழற்சியைக் கிளப்பி விடலாம். நோவுக்குப் பரசிற்றமோல் பாதுகாப்பானது. அது போதாவிட்டால், எந்த நோவுக் கிளினிக்குக்குப் போனாலும் "எனக்குக் குடல் அழற்சி இருக்கிறது" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். காய்ச்சல், தடிமன் என்று தேவையின்றி அன்ரிபயோற்றிக் வாங்கிப் போடுவதும் குடற் பற்றீரியாக்களை அழிக்கும்.

மஞ்சள் பற்றியும் ஒரு கேள்வி வந்திருந்தது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை நாளொன்றுக்கு 3 கிராம் வீதம் வழமையான குளிசையுடன் சேர்த்துக் கொடுத்தபோது, ஒரு மாதத்தில் 26 பேரில் 14 பேருக்குப் பெருங்குடல் அழற்சி அடங்கியது என 2015 இல் ஓர் ஆய்வு வந்தது. உண்மைதான், நம்பிக்கை தருவதுதான். ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவே உண்டு. 3 கிராமைப் பெற 100 கிராம் மஞ்சள் தின்ன வேண்டும்! கறிக்குப் போடும் மஞ்சள் நல்லது, போடுங்கள். மஞ்சள் உருண்டை விற்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

எழும்பி நடக்கப் பெலன் இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் இரத்தச்சோகையாக இருக்கும். இரத்தம் போனது ஒரு பக்கம், இரண்டு வருடம் மீனும் முட்டையும் கீரையும் இல்லாதது மறு பக்கம். குருதிப் பரிசோதனை செய்து இரும்புக் குளிசை தந்தால், தேசிக்காய்த் தண்ணீருடன் போடுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேத்தண்ணி வேண்டாம். இரும்புக் குளிசையால் மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். ஸ்ரெரொயிட் குளிசை போட்டவர்களுக்கு எலும்பு பலவீனமடையும், அவர்களுக்கு முள்ளோடு அரைத்த நெத்தலியும் குரக்கனும் நல்லது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சிய சோற்றை ஆணத்தில் குழைத்து உண்ணும் பழக்கம் உள்ளவர்களுக்கு இவை ஒன்றும் தட்டில் வராது. மீன் துண்டை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள்.

எரியும் காலம் முடிந்து நாரைத் தொடங்குவதற்கு ஏற்ற ஒரு கஞ்சியைச் சொல்கிறோம். பங்களாதேசத்தின் டாக்கா நகரில், நாட்பட்ட வயிற்றோட்டம் உள்ள குழந்தைகளுக்கு அவித்த பச்சை வாழைக்காயைச் சேர்த்துக் கொடுத்தபோது மூன்றாம் நாளில் 59 வீதமானோர் குணமடைந்தனர், வாழைக்காய் இல்லாத கஞ்சியைக் குடித்தவர்களில் 15 வீதமானோரே. 2001 இல் வெளியானது இது. குழந்தைகளின் வயிற்றோட்டம் வேறு, உங்கள் நோய் வேறு. ஆனால் பச்சை வாழைக்காயின் மாப்பொருள் சமிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் பற்றீரியாக்களுக்கு உணவாவது இரண்டிலும் ஒன்றே.

கறி வாழைக்காய் ஒன்றைத் தோலோடு அவித்து, ஆறியதும் தோலை உரித்து மசியுங்கள். ஒரு பிடி அரிசியை ஐந்து கோப்பை தண்ணீரில் நன்றாகக் குழைய விடுங்கள். தோல் சீவித் துருவிய கரட் பாதி, உடைத்த பயறு ஒரு மேசைக்கரண்டி, ஒரு துண்டு இஞ்சி, சிறிது மஞ்சள் சேர்த்துப் பயறு கரையும்வரை வேக வைத்து, மசித்த வாழைக்காயைப் போட்டுக் கிண்டுங்கள். இறக்கும் முன் ஒரு முட்டையை அடித்து ஊற்றி, அது முற்றாக வெந்ததும் உப்புப் போட்டு, இஞ்சித் துண்டை எடுத்துவிட்டு இறக்குங்கள். தண்ணிப்பால் அரைக் கோப்பை விடலாம். அசதியோபிரின், ஸ்ரெரொயிட் போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து போடுபவர்கள் இதை அன்றன்றே குடித்து முடிக்க வேண்டும், பழஞ்சோற்றைப் போல இரவு முழுவதும் வெளியில் வைத்திருந்து குடிக்கக் கூடாது. முதல் மூன்று நாள் ஒரு கோப்பை, ஒத்துக் கொண்டால் பின்னர் காலையும் மாலையும்.